பொத்தோசி: எண்பது லட்சம் என்ற எண்ணைத் தாண்டிப் பேசுவோம்

கேள்வி, பிப்ரவரி 3

பொலிவியாவில் உள்ள பொத்தோசி நகரின் வெள்ளிச் சுரங்கங்களில் எண்பது லட்சம் பூர்வகுடிகள் செத்தார்கள் என்று படித்தேன். அங்கே எடுத்த வெள்ளியைக் கொண்டு ஸ்பெயினின் தலைநகர் மத்ரீத் வரை ஒரு பாலமே கட்டியிருக்கலாமாம், செத்தவர்களின் எலும்பைக் கொண்டு இன்னொரு பாலமாம். வெள்ளி தீர்ந்ததும் 1700 வாக்கில் நகரமும் செத்துவிட்டது. இவ்வளவுதானே அதன் வரலாறு?

பிப்ரவரி 3, இரவு

இல்லை. முதலில் கணக்கைப் பார்ப்போம்.

ஊர் தோன்றியது 1545. ஸ்பானிய ஆட்சி முடிந்தது 1825. இடையில் 280 ஆண்டுகள். எண்பது லட்சத்தை அதனால் வகுத்தால் ஆண்டுக்கு 28,500 பேருக்கு மேல் வருகிறது. சுரங்கத்துக்கு ஊர் ஊராக ஆள் பிடித்த முறைவேலைக்கு மித்தா என்று பெயர். அது உச்சத்தில் இருந்த 1570-களிலேயே மொத்த ஒதுக்கீடு ஆண்டுக்கு ஏறத்தாழ 13,500 ஆண்கள்தான். வந்தவர்களில் ஒருவர் விடாமல் செத்து, மறு ஆண்டு அதே அளவில் வந்தவர்களும் செத்து, 280 ஆண்டும் இப்படியே நடந்திருந்தால்கூட எண்பது லட்சத்தில் பாதியை எட்டாது.

அங்கே நடந்தது கொடுமையே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கொடுமைதான். அது எப்படி நடந்தது என்பதை இந்த எண் மறைத்துவிடுகிறது. எண்பது லட்சம் என்று கேட்டதும் வாயடைத்துப் போகிறோம். அதற்கு மேல் ஒரு கேள்வியும் எழுவதில்லை.

பிப்ரவரி 4

"அப்படியானால் எப்படி நடந்தது?" என்று கேட்டிருக்கிறீர்கள். திதிகாகா ஏரிக்கரையில் சுகுயித்தோ என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்து பொத்தோசி நூறு லீகு தொலைவு (ஒரு லீகு ஏறத்தாழ ஐந்தரைக் கிலோமீட்டர்). 1600-ஐ ஒட்டி எழுதிய ஓர் இயேசு சபைப் பாதிரியார், அந்தப் பகுதி ஆட்கள் முறைவேலைக்குக் கிளம்பிப் போவதை நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். ஆண்கள் தனியாகப் போகவில்லை. மனைவி, பிள்ளைகள் என்று ஏழாயிரம் பேர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் எட்டுப் பத்து லாமாக்கள், அந்த மலைநாட்டின் சுமை விலங்குகள். அவற்றின் முதுகில் சோளம், உறையவைத்துக் காயப்போட்ட உருளைக்கிழங்கு, படுக்கப் பாய். நடந்து சேர இரண்டு மாதம். குழந்தைகளால் வேகமாக நடக்க முடியாது.

திரும்பி வந்தவர்கள் இரண்டாயிரம் பேர் என்கிறார் அவர். மீதி ஐயாயிரத்தில் சிலர் செத்தார்கள். மற்றவர்கள் ஊர் திரும்ப ஆடுமாடில்லாமல், வழிச்சாப்பாடு இல்லாமல் பொத்தோசியிலும் அக்கம்பக்கத்துப் பள்ளத்தாக்குகளிலும் தங்கிவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் நாம் நின்று யோசிக்க வேண்டும். ஐயாயிரம் பேர் ஊரின் பதிவேட்டிலிருந்து மறைந்துவிட்டார்கள், ஆனால் ஐயாயிரமும் சாவு அல்ல. தங்கியவர்கள் வேறு ஊரில் வந்தேறிகளாகக் குடியேறினால் மித்தா அவர்களைத் தொடாது, ஏனென்றால் அது பிறந்த ஊரில் பதிவானவர்களுக்கு மட்டும்தான். ஓடிப்போனவர்களின் பங்கையும் ஊரில் மிஞ்சியவர்களே சுமக்க வேண்டும். ஒதுக்கீடு குறைந்தால் ஊர்த்தலைவர் கையிலிருந்து பணம் கட்ட வேண்டும், கட்ட முடியாவிட்டால் சிறை. பெரியம்மையும் தட்டம்மையும் கொன்றது போக மீதியை இந்த ஏற்பாடு காலி செய்தது. ஊர்கள் ஆளற்றுப் போனதற்குச் சாவு ஒரு காரணம், ஓட்டம் இன்னொரு காரணம். ஓடியவர்களைச் செத்தவர்கள் கணக்கில் எழுதினால் அவர்கள் தப்பிக்கச் செய்த முயற்சியையே அழித்துவிடுகிறோம்.

பிப்ரவரி 4, பிற்பகல்

விட்டுப்போன ஒன்று. வந்த 13,500 பேரும் ஒரே நேரத்தில் சுரங்கத்துக்குள் இருக்கவில்லை. ஒரு வாரம் வேலை, இரண்டு வாரம் ஓய்வு என்பது சட்டம். ஒரு நேரத்தில் 4,500 பேர். ஆனால் ஒரு வாரக் கூலியில் மூன்று வாரம் சாப்பிட முடியாது. ஆகவே "ஓய்வு" வாரங்களில் அதே ஆள் அதே மலையில் தினக்கூலிக்கு இறங்கினான். தானாக வருபவனுக்குக் கட்டாயத்தில் வருபவனைவிட ஏறத்தாழ இரு மடங்கு கூலி.

பிப்ரவரி 5

ஊரை யார் நிறுவினார்கள் என்று ஒருவர் கேட்டார். நிறுவவில்லை. ஸ்பானியர்கள் ஒரு நகரத்தை நிறுவினால் அதற்கென்று சடங்குகள் உண்டு. சதுக்கத்தை அளப்பார்கள், கம்பம் நடுவார்கள், மனை பிரித்துக் கொடுப்பார்கள், எழுத்தர் பத்திரம் எழுதுவார். லிமா நகரம் 1535 ஜனவரி 18 அன்று அப்படித்தான் தொடங்கியது. பொத்தோசிக்கு அந்தப் பத்திரமே கிடையாது. வெள்ளி என்ற சொல் காதில் விழுந்ததும் பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவர்கள், கடல் மட்டத்திலிருந்து 4,000 மீட்டர் உயரத்தில், பயிர் விளையாத குளிர் வெளியில், கிடைத்த இடத்தில் குடிசை போட்டார்கள். பேரரசுப் பட்டணம் என்ற பட்டம் பிறகு வந்தது. 1561 வரை அது லா பிளாத்தா நகரத்தின் (இன்றைய சூக்ரே) அதிகாரத்துக்குக் கீழ்தான் இருந்தது.

வெள்ளியைக் கண்டவர் தியேகோ வால்பா என்ற பூர்வகுடி. ஓடிப்போன லாமாவைத் தேடி மலையேறினார், இரவில் குளிருக்குத் தீ மூட்டினார், காலையில் பார்த்தால் தரையில் வெள்ளி உருகி ஓடியிருந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அவரே 1572-இல் நோயில் கிடந்தபோது ஒரு பாதிரியாரிடம் சொன்னது வேறு. மலையுச்சியில் ஒரு பழைய வழிபாட்டிடம் இருந்தது, அங்கே போனபோது பலத்த காற்று அடித்துத் தன்னைக் கீழே தள்ளியது, ஊன்றிய கையில் தாது தட்டுப்பட்டது என்றார். எனக்கு இந்தச் சாட்சியம் முக்கியம். மலை வெறும் கல்மேடாக இருக்கவில்லை. ஸ்பானியர் வருவதற்கு முன்பே அது கும்பிடப்பட்ட மலை. பக்கத்தில் போர்க்கோ என்ற இடத்தில், ஸ்பானியருக்கு முன் அங்கே ஆண்ட இன்காக்கள் வெள்ளி எடுத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 5, இரவு

முதல் கால் நூற்றாண்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்குப் பெரிய குறை. 1545 முதல் 1570 வாக்கு வரை வெள்ளியை உருக்கும் வித்தை பூர்வகுடிகளின் கையில் இருந்தது. ஸ்பானியர் துருத்தி வைத்து ஊதிப் பார்த்தார்கள், அந்தத் தாது உருகவில்லை. உள்ளூர்க்காரர்கள் களிமண்ணால் இடுப்புயர உலை செய்து, சுற்றிலும் துளை விட்டு, மலைச்சரிவில் காற்று மோதும் இடமாகப் பார்த்து வைத்தார்கள். எரிபொருள் லாமாச் சாணமும் மலைப்புல்லும். இரவுக் காற்று வந்ததும் உலை தானாகவே சிவக்கும். ஆயிரக்கணக்கில் அவை எரிந்தபோது மலை முழுக்கத் தீபம் ஏற்றியதுபோல் இருந்தது என்று எழுதியிருக்கிறார்கள்.

சுரங்க உரிமையாளர் ஸ்பானியர்தான். ஆனால் தாதுவை வெட்டுவது, உருக்குவது, விற்பது மூன்றும் வேறு கைகளில். சிலர் சுரங்கத்தில் இத்தனை முழம் என்று குத்தகை எடுத்துத் தாங்களே ஆள் வைத்து வெட்டினார்கள். சதுக்கத்தில் தாதுச் சந்தை கூடும். அங்கே விற்றவர்களில் பெரும்பாலும் பெண்கள். கணவன் தன் பங்காகக் கொண்டு வந்த தாதுவை விற்று, கொக்கா இலையும் சோள மதுவும் வாங்கி, அதையும் சில்லறையில் விற்றார்கள். 1549-இல் அங்கே போன சியேசா தெ லியோன் என்ற வரலாற்றெழுத்தாளர், உலகில் இதற்கு நிகரான சந்தை இல்லை என்று நினைக்கும் அளவுக்கு அசந்து போயிருக்கிறார். அந்தப் பெண்கள் எந்தப் பாலத்திலும் இல்லை.

பிப்ரவரி 7

இதெல்லாம் ஏன் மாறியது என்றால், மேல்மட்டத்துத் தாது தீர்ந்தது. உருக்கி எடுக்கும் அளவுக்கு வளமான கல் இல்லை. 1572 இறுதியில் வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ நேரில் வந்தார். மூன்று காரியங்களை ஒன்றாகச் செய்தார். பாதரசம் கொண்டு வெள்ளி பிரிக்கும் முறையைப் புகுத்தினார். அந்த முறை மெக்சிகோவில் 1554-இல் பார்த்தோலொமே தெ மெதீனா கண்டது. பாதரசம் பெருவின் வாங்கவேலிக்கா சுரங்கத்திலிருந்து வந்தது. தாது இடிக்கும் ஆலைகளுக்குத் தண்ணீர் வேண்டும் என்று காரி காரி மலைகளில் ஏரிகள் அமைக்க வைத்தார். ஆலைக்கு ஆள் வேண்டும் என்று பதினாறு மாகாணங்களிலிருந்து ஆண்களில் ஏழில் ஒருவரை அழைக்கும் மித்தாவை ஒழுங்கு செய்தார். முறைவேலை இன்கா காலத்திலும் உண்டு. அப்போது அதற்கு ஈடாக அரசு சோறு போட்டது, துணி கொடுத்தது, ஊரின் வழக்கத்துக்கு உட்பட்டு நடந்தது. தொலேதோ அந்த முறையின் எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார்.

ஆலை வேலை எப்படி நடந்தது என்று சொல்கிறேன், இதைப் படித்தால்தான் பாதரசத்தின் கதை புரியும். தண்ணீர்ச் சக்கரம் சுழல, இரும்புப் பூண் போட்ட உலக்கைகள் மாறி மாறி விழுந்து கல்லை மாவாக்கும். அந்த மாவைச் சலித்து, கல்தொட்டியில் கொட்டி, உப்பும் பாதரசமும் சேர்த்துச் சேறுபோல் குழைப்பார்கள். குழைத்தது மனிதக் கால். முழங்கால் வரை பாதரசச் சேற்றில் நின்று மிதித்தார்கள். வாரக்கணக்கில் ஊறிய பிறகு தண்ணீர்விட்டு அலசினால் மண் போய்விடும், வெள்ளியும் பாதரசமும் கலந்த கனத்த கூழ் அடியில் தங்கும். அதைத் துணியில் கட்டிப் பிழிந்து, கூம்பாகப் பிடித்து, சூடேற்றுவார்கள். பாதரசம் ஆவியாகிவிடும். மிஞ்சுவது நுண்துளைகள் நிறைந்த வெண்ணிற வெள்ளிக்கூம்பு.

அந்த ஆவியைச் சுவாசித்தவர்களுக்குக் கை நடுக்கம் வந்தது, பல் விழுந்தது. சுரங்கத்துக்குள் இறங்கியவனை ஏணியிலிருந்து விழும் சாவும் நுரையீரல் தூசியும் தின்றன. ஆலையில் நின்றவனைப் பாதரசம் தின்றது. அலசிய தண்ணீர் ஊர் நடுவே ஓடிய கால்வாயில் போய் பில்கோமாயோ ஆற்றில் கலந்தது.

பிப்ரவரி 7, சற்றுப் பிறகு

அந்த ஏரிகளைப் பற்றி: இருபதுக்கும் மேல் அமைத்தார்கள். 1626 மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை, சான் இல்தெபோன்சோ ஏரியின் கரை உடைந்தது. கால்வாயோரம் இருந்த ஆலைகளில் பெரும்பாலானவை அடித்துச் செல்லப்பட்டன. தாழ்வான பகுதியில் இருந்தவர்கள் பூர்வகுடிகள். செத்தவர் தொகையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள், ஆயிரக்கணக்கில் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் வட ஸ்பெயினின் பாஸ்க் நாட்டவருக்கும் மற்ற ஸ்பானியருக்கும் இடையே மூன்று ஆண்டுகளாகத் தெருவில் நடந்த வெட்டுக்குத்து ஓய்ந்திருந்தது. 1622 முதல் 1625 வரை. நகரசபைப் பதவிகளும் சுரங்கக் கடனும்தான் அந்தச் சண்டையின் வேர்.

பிப்ரவரி 9

நாணயம் சேகரிக்கும் நண்பர் ஒருவர், 1652-க்குப் பிறகு பொத்தோசி வெள்ளிக்காசின் வடிவம் ஏன் திடீரென்று மாறியது என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, ஏனென்றால் அதன் பின்னால் ஒரு தூக்குக் கயிறு இருக்கிறது.

அரசின் நாணயச்சாலை 1570-களில் தொடங்கியது. வெள்ளிக் கட்டியை விலைக்கு வாங்கிக் காசாக அடித்துக்கொள்ளும் வெள்ளி வணிகர்கள் மெல்ல அதைத் தங்கள் பிடிக்குள் கொண்டு வந்தார்கள். மாற்று, அதாவது வெள்ளியின் தூய்மை, பார்க்கும் அதிகாரியும் உடந்தை. காசில் செம்பு கூடியது, வெள்ளி குறைந்தது. ஐரோப்பாவில் ஜெனோவா வங்கியர்கள் பொத்தோசிக் காசை வாங்க மறுத்தபோது ஸ்பெயின் அரசுக்கு வியர்த்தது, படைக்குச் சம்பளம் கொடுப்பது அந்தக் காசில்தான். விசாரணைக்கு வந்தவர் பிரான்சிஸ்கோ தெ நெஸ்தாரெஸ் மரீன். பெருவணிகர் பிரான்சிஸ்கோ கோமெஸ் தெ லா ரோச்சா 1650-இல் தண்டனையாகக் கொல்லப்பட்டார், மாற்றுப் பார்த்த அதிகாரியும் கொல்லப்பட்டார். பழைய காசைத் திரும்ப வாங்கி மதிப்பைக் குறைத்தார்கள். 1652 முதல் வந்த புதிய காசில் இரண்டு தூண்களும் அலைகளும். பார்த்த மாத்திரத்தில் புதுக்காசு என்று தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மாற்றம்.

குறைந்த மாற்றுக் காசால் கடைசியில் யார் நட்டப்பட்டார்கள் என்று பாருங்கள். பெரிய வணிகன் செய்தியை முன்பே அறிந்து கைமாற்றிவிட்டான். கூலியாகக் காசு வாங்கியவன் கையில் மதிப்பிழந்த காசு நின்றது.

நாணயச்சாலையின் உலைகளில் வேலை செய்தவர்களில் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் பலர். சுரங்கத்துக்குள் அவர்கள் குறைவு. ஊரின் கதையில் அவர்களும் வர வேண்டும்.

பிப்ரவரி 10

"நமக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?" உண்டு, நேரடியானது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்களும் மெட்ராஸில் ஆங்கிலேயர்களும் சோழமண்டலக் கரைத் துணியை வாங்க என்ன கொடுத்தார்கள்? ஐரோப்பியச் சரக்கு இங்கே விலைபோகவில்லை. வெள்ளிதான் போனது. ஸ்பானிய ரியால் காசுகள் கப்பல் கப்பலாக வந்தன, அதில் பொத்தோசி வெள்ளியும் இருந்தது, மெக்சிகோ வெள்ளியும் இருந்தது. இன்னொரு பாதை மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்திலிருந்து மணிலா வழியாகச் சீனாவுக்கு. 1602-இல் பெய்ஜிங்கில் இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி அச்சிட்ட உலக வரைபடத்தில் பொத்தோசி மலை குறிக்கப்பட்டிருக்கிறது. உப்பும் அரிசியும் விளையாத ஒரு மலைச்சரிவு அறுபது ஆண்டுக்குள் அங்கே எட்டிவிட்டது.

பிப்ரவரி 12

இப்போது "1700 வாக்கில் நகரம் செத்தது" என்பதற்கு வருகிறேன். உற்பத்தியின் உச்சம் 1592 வாக்கில். அதன் பிறகு நூறாண்டுக்கு மேல் இறங்குமுகம், உண்மை. ஆனால் 18-ஆம் நூற்றாண்டில் மீண்டும் ஏறியது. 1736-இல் அரசன் தன் பங்கை ஐந்தில் ஒன்றிலிருந்து பத்தில் ஒன்றாகக் குறைத்தான். 1740-களுக்கும் 1790-களுக்கும் இடையில் உற்பத்தி இரட்டித்தது. புதிய வளமான தாது எதுவும் கிடைக்கவில்லை. இத்தனை நாள் வேலை என்று இருந்ததை இத்தனை மூட்டை தாது என்று மாற்றி, மூட்டைக் கணக்கையும் ஏற்றினார்கள். ஒருவனால் முடியாதபோது மனைவியும் பிள்ளையும் கூடச் சேர்ந்து சுமந்தார்கள். வரலாற்று நூல்களில் "மறுமலர்ச்சி" என்று வருவதன் உள்ளே இது இருக்கிறது.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது, எனக்கு இந்த ஊரின் மீது தீராத பற்று வந்ததே இவர்களால்தான். கஹ்சாக்கள் என்று ஒரு கூட்டம். சனிக்கிழமை மாலை சுரங்கம் மூடும். அன்றிரவு இவர்கள் இறங்குவார்கள். திங்கள் விடியும் வரை மலை இவர்களுடையது. நல்ல தாதுவாகப் பார்த்து வெட்டிக்கொண்டு ஏறிவிடுவார்கள். இவர்களில் பலர் வாரம் முழுக்க அதே சுரங்கத்தில் கூலிக்கு வேலை பார்த்தவர்கள், ஆகவே எந்த மூலையில் எந்த நரம்பு ஓடுகிறது என்று மற்ற யாரையும்விட நன்றாகத் தெரியும். முதலாளிகள் திருட்டு என்றார்கள். இவர்கள் உரிமை என்றார்கள். காவலர்கள் துரத்தியபோது கவண்கல் எறிந்தார்கள்.

எடுத்த தாதுவை அரைக்க ஊரின் பூர்வகுடிப் பகுதிகளில் சிறு ஆலைகள் இருந்தன. தண்ணீர்ச் சக்கரம் கிடையாது, பெரிய கல்லை ஆட்டி ஆட்டி அரைப்பது. அங்கே பிரித்த வெள்ளியை அரசின் வெள்ளி வங்கியே விலைக்கு வாங்கியது. எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை, பத்தில் ஒரு பங்கு வரி வந்தால் போதும். 1720-களில் அகுஸ்தீன் கெஸ்பி என்ற கஹ்சாத் தலைவன் பெயர் ஊரெங்கும் பேசப்பட்டது. பிடிக்கப் போன ஆட்களை அவன் அடித்து விரட்டியதை அந்தக் கால வரலாற்றெழுத்தாளர் அர்சான்ஸ் வியப்போடு எழுதியிருக்கிறார்.

இருநூறு ஆண்டுகள் கட்டாய வேலைக்குப் பிறகும், வாரத்தில் ஒன்றரை நாள் மலையைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டவர்கள் இவர்கள். இவர்களை எலும்புப் பாலத்தில் அடுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

பிப்ரவரி 13

"நீங்கள் ஸ்பானியருக்கு வெள்ளையடிக்கிறீர்கள்" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். கோபம் நியாயமானது, அதனால் பொறுமையாகவே பதில் எழுதுகிறேன்.

1603-ஆம் ஆண்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது. பொத்தோசியில் வேலை செய்த பூர்வகுடிகள் 58,800 பேர். அவர்களில் மித்தாவில் வந்தவர்கள் 5,100 பேர் மட்டுமே. மற்றவர்கள் ஒப்பந்தத்திலும் கூலிக்கும் வந்தவர்கள். இதைக் காட்டி "பெரும்பாலோர் விரும்பி வந்தார்கள்" என்று வாதிடுபவர்கள் உண்டு. அந்த வாதத்தையும் நான் ஏற்கவில்லை. முன்பு எழுதினேனே, ஓய்வு வாரத்தில் கூலிக்கு இறங்கியவன், ஊர் திரும்ப வழியில்லாமல் தங்கிவிட்டவன். அவர்களும் இந்தக் "கூலிக்கு வந்தவர்கள்" கணக்கில்தான் இருக்கிறார்கள். கட்டாயம் அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தது, பசி அங்கே வைத்திருந்தது.

இதைவிட மோசமான ஒன்று. ஊர்த்தலைவர்கள் ஆள் அனுப்ப முடியாதபோது தலைக்கு இவ்வளவு என்று வெள்ளி கட்டினார்கள். அந்தப் பணத்தில் முதலாளி வேறு கூலியாள் வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பலர் ஆள் வைக்கவில்லை. பணத்தை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். இப்படி ஆளாக வராமல் பணமாக மட்டும் வந்தவர்களுக்கு அந்த ஊரில் "சட்டைப்பை ஆட்கள்" என்றே பெயர். சுரங்கம் வற்றியிருந்தாலும் முதலாளிக்கு வருமானம் வற்றவில்லை. ஐம்பது ஆள் ஒதுக்கீடு இருந்தால் வீட்டில் உட்கார்ந்தபடியே வாழலாம். தொலைவில் ஒரு மலைக்கிராமம் தன் லாமாக்களை விற்று அந்தப் பணத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் ஒரு கிராமத்தை இப்படியும் உறிஞ்ச முடிந்தது. நான் வெள்ளையடிக்கவில்லை. கறையை அது படிந்த இடத்திலேயே காட்டுகிறேன்.

பிப்ரவரி 17

நான் அங்கே போயிருக்கிறேனா என்று கேட்டார்கள். போயிருக்கிறேன். மலை இப்போதும் வேலையில் இருக்கிறது. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களாகச் சேர்ந்து ஆயிரக்கணக்கானோர் இன்றும் துத்தநாகம், ஈயம், வெள்ளி எடுக்கிறார்கள்.

முன்பு சுரங்கத்தில் வேலை பார்த்த ஒருவரோடு உள்ளே போனேன். நுழைவாயிலில் குனிந்தவன் நெடுநேரம் நிமிரவில்லை. தலைக்கு மேல் போகும் காற்றுக்குழாய் ஒழுகிச் சீறிக்கொண்டிருந்தது. சுவரில் வெண்ணிற உப்புப் பூத்திருந்தது, விரலால் தொடாதே என்றார் கூட வந்தவர், அது ஆர்செனிக். ஒரு திருப்பத்தில் களிமண் சிலை. கொம்பு, கண்ணாடிக் கண், வாயில் பாதி எரிந்த சிகரெட், மடியில் கொக்கா இலைக் குவியல். பாதாளத்தின் அதிபதி, தியோ என்று அழைக்கிறார்கள். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வேலைக்கு முன் அவனுக்குச் சாராயம் ஊற்றுகிறார்கள். மலைக்கு வெளியே தேவாலயம், மலைக்கு உள்ளே தியோ. இரண்டும் ஒரே ஆளுக்குத் தேவைப்படுகின்றன.

வெளியே வந்ததும் நுழைவாயிலை ஒட்டி ஒரு கல்குடிசை. காவல்காரப் பெண் அங்கேயே குடியிருக்கிறார். சங்கத்தின் துளைக்கருவிகளையும் வெடிமருந்தையும் இரவில் காப்பது அவர் வேலை. கணவர் நுரையீரல் தூசி நோயில் போனவர். சம்பளம் போதாது, ஞாயிற்றுக்கிழமைகளில் கழிவுக்கல்லைக் கிளறித் தாதுத்துண்டு பொறுக்கி விற்கிறார். உள்ளங்கையில் வைத்து ஒன்றைக் காட்டினார். ஒரு பக்கம் சாம்பல் நிறம், திருப்பினால் பளபளப்பு. எந்தத் துண்டில் எவ்வளவு இருக்கும் என்று கனத்தை வைத்தே சொல்கிறார், வாங்க வருபவன் ஏமாற்ற முடியாது. 1549-இல் சதுக்கத்தில் தாது விற்ற பெண்களைப் பற்றி எழுதியபோது என் மனத்தில் இருந்தது இவர் முகம்தான்.

பிப்ரவரி 18

சாப்பாடு கேட்டவருக்கு: காலாபுர்கா. சோளமாவுக் கெட்டிச் சூப், உள்ளே சூடான எரிமலைக் கல் ஒன்றைப் போட்டுக் கொண்டுவருவார்கள், கிண்ணம் மேசையில் கொதிக்கும். அந்தக் குளிருக்கு அதுவே மருந்து.

பிப்ரவரி 22

விடுதலைக்குப் பிந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது தனி இழைக்கு உரிய பொருள். விடுதலைப் போரில் ஊர் பலமுறை கைமாறியது. 1811-இல் ஸ்பெயினை எதிர்த்த பியூனஸ் அயர்ஸ் படை பின்வாங்கும்போது நாணயச்சாலையின் கருவூலத்தைக் கோவேறு கழுதைகளில் ஏற்றிப் போனது. 1813-இல் அதே தரப்பின் தளபதி பெல்கிரானோ தோற்றுப் பின்வாங்கியபோது, எதிரிக்குக் கிடைக்கக் கூடாதென்று கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்க்க ஏற்பாடு செய்தார். வெடி வெடிக்கவில்லை. வெடித்திருந்தால் ஊரில் பாதி போயிருக்கும். 1825 அக்டோபரில் விடுதலைப் போரின் தலைவர் சிமோன் பொலிவார் மலையுச்சி வரை ஏறினார். மித்தா அத்தோடு ஒழிந்தது.

வெள்ளிக்குப் பிறகு தகரம். 1952 புரட்சியில் பெருஞ்சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. 1985-இல் உலகச் சந்தையில் தகர விலை சரிந்தது, அரசுச் சுரங்கங்கள் ஆட்களை வெளியே அனுப்பின, வேலையிழந்தவர்கள் சங்கமாகச் சேர்ந்து பழைய குழிகளுக்குள் திரும்பினார்கள். ஐந்து நூற்றாண்டுத் துளைகளால் மலையுச்சி உள்வாங்குகிறது. 4,400 மீட்டருக்கு மேல் தோண்டத் தடை இருக்கிறது, தோண்டல் நிற்கவில்லை. 1987-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான நகரம் 2014 முதல் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. தடையை முழுமையாக அமல்படுத்து என்று வெளியிலிருந்து சொல்வது எளிது. மேலே தோண்டுபவர்களுக்கு மாற்று வேலை எது என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை, அந்தக் காவல்காரப் பெண்ணிடமும் நான் கேட்டுப் பார்த்தேன்.

மார்ச் 1

போகப் போகிறேன் என்று எழுதியவருக்கு. நாணயச்சாலையில் மலையும் மாதாவும் ஒன்றாக வரைந்த 18-ஆம் நூற்றாண்டு ஓவியம் இருக்கிறது, அதன் முன்னால் நேரம் செலவிடுங்கள். மாதாவின் பாவாடையே மலை. அந்தச் சரிவில் விரல்நுனி அளவில் லாமாக்கள், பாதைகள், மனிதர்கள். இருபுறமும் சூரியனும் சந்திரனும். அதே கட்டடத்தில் வெள்ளித் தகட்டை நசுக்கிய மரப் பல்சக்கரங்களையும் பாருங்கள், கோவேறு கழுதைகள் கீழ்த்தளத்தில் சுற்றிச் சுற்றி வந்து அவற்றை இயக்கின. சான் லொரென்சோ தேவாலயத்தின் வாசல் தவறவே கூடாது. பூர்வகுடிச் சிற்பிகள் செதுக்கியது, மேலே கடற்கன்னிகள் நரம்புக்கருவி வாசிக்கிறார்கள்.

சுரங்கத்துக்குள் போவதானால் முன்னாள் தொழிலாளி வழிகாட்டியாக வரும் குழுவோடு மட்டும் போங்கள். பயணிகளுக்காக டைனமைட் வெடித்துக் காட்டும் ஆட்களை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், அந்த மலை தாங்காது. இதய நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் உள்ளே இறங்கவே வேண்டாம். முதலில் சூக்ரேயில் தங்குங்கள், அது 2,800 மீட்டர்தான், உடல் பழகும். அங்கிருந்து பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். போய்ச் சேர்ந்த அன்று படியேற வேண்டாம்.